மேளம் இல்லாத இருபத்திரண்டு நொடி

விளக்கு அணைய ஒரு நிமிடம் இருக்கும்போது அக்கா உள்ளே நுழைந்தாள்.

படத்துக்கு ஒலி சேர்த்த தங்கை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

முப்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கு. படம் வெளியாவதற்கு முன்னால் நாலு பேருக்குப் போட்டுக் காட்டிப் பார்க்கும் மதியக் காட்சி. இதைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று கணவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனிதர் உளறிவிட்டார் போலிருக்கிறது.

அக்கா கெட்டவள் இல்லை. பேய்ப்படம் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவளும் இல்லை. எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்ற கவலையே அவளுக்குக் கிடையாது. அவள் சிரித்தால் பக்கத்து நாற்காலி சிரிக்கும், அப்புறம் வரிசை சிரிக்கும், கடைசியில் அரங்கமே சிரிக்கும்.

சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

அக்கா தங்கையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, இசையமைப்பாளருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். படத்தில் ஓர் இடம். தனியாக வசிக்கும் நாயகி மாடிப்படி ஏறி வந்து தன் வீட்டுக் கதவில் சாவியை நுழைக்கிறாள். அவள் திருப்புவதற்குள், கதவின் கைப்பிடி உள்ளேயிருந்து திரும்புகிறது.

சாவி நுழைவதிலிருந்து மொத்தம் இருபத்திரண்டு நொடி.

அந்த இடத்துக்கு இசையமைப்பாளர் பதினாறு மேளம் வைத்திருந்தார். அவருக்கு ‘டமாரம்’ என்றே பட்டப்பெயர். தங்கமான மனிதர். ஆனால் திரையில் பூனை குறுக்கே போனாலும் நாலு தட்டுத் தட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

தங்கை எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். முதலில் மேளம். பிறகு வயலின். அப்புறம் மழை, மின்விசிறி, தெருவில் போகும் வண்டி. நாயகியின் மூச்சு மட்டும் மிஞ்சியது. கைப்பிடி அசைகிற நொடியில் அதையும் நிறுத்தினாள்.

டமாரம் பதினோரு நாள் சண்டை போட்டார். நடுவில் மாட்டிக்கொண்ட இயக்குநர்தான் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“மதியக் காட்சியில பாப்போம். அந்த இடத்துல ஒரே ஒருத்தர் சிரிச்சாலும் மேளம் திரும்ப வந்துடும்.”

தனியாகப் பொறுப்பேற்றுத் தங்கை செய்யும் முதல் படம். அதற்குத்தான் இப்போது அக்கா வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

விளக்கு அணைந்தது.

பத்தாவது நிமிடம் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. மேளம் இடித்தது. அக்கா சிரித்தாள். அவள் வரிசையே சிரித்தது.

அரை மணி கழித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. மேளம் இன்னும் பலமாக இடித்தது. அக்கா முட்டியில் தட்டித் தட்டிச் சிரித்தாள். இயக்குநரே சிரித்துவிட்டார்.

டமாரம் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

நாயகி மாடிப்படி ஏறத் தொடங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மேளம். தங்கை திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

கடைசிப் படி. சாவி உள்ளே போயிற்று.

மேளம் நின்றது.

யாரோ பொரி கொறிப்பதை நிறுத்தினார்கள். யாரோ எச்சில் விழுங்கியது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அக்காவின் உதட்டோரச் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு காணாமல் போயிற்று. அவள் நாற்காலியின் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். இடமும் வலமும் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

கைப்பிடி திரும்பியது.

நாயகிக்கு முந்தி அக்கா அலறினாள். முன்னால் இருந்த தோளை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். டமாரம் துள்ளிய துள்ளலில் ஆறிப்போன டீ முழுவதும் அவர் மடியில் கொட்டியது. அக்கா அலறியதில் பயந்து இன்னும் பத்துப் பேர் அலறினார்கள்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தங்கையைத் தவிர. அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இயக்குநர் நேராக அக்காவிடம் வந்தார். டமாரமும் ஈரப் பேன்ட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏம்மா, எல்லா இடத்துலயும் சிரிச்சீங்களே. அங்க மட்டும் ஏன் அப்படி அலறுனீங்க?” என்று இயக்குநர் கேட்டார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை அந்தக் கேள்வியை விரல்களால் காற்றில் எழுதிக் காட்டினாள். பிறந்ததிலிருந்து ஓர் ஓசையும் கேட்டறியாத அக்கா, படபடவென்று இரண்டு கையாலும் பதில் சொன்னாள்.

தங்கைக்குச் சிரிப்பில் பேச்சு வர நேரமாயிற்று.

“அதுவரைக்கும் நாற்காலி அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சாம் சார். மேளம் அடிக்கிறவங்க கூடவே வர்றாங்கன்னு தைரியமா உக்காந்திருந்தாளாம். திடீர்னு அது நின்னதும், அவங்களே எதையோ பாத்துட்டு ஓடிட்டாங்கன்னு நெனச்சுட்டாளாம்.”