சுவருக்குள் ஒரு படிக்கட்டு

தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவைப் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் அவள் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேலாளர் எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்க வேண்டும்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி தோட்ட முதலாளி தானே படம் வரைஞ்சு கட்டின வீடு. சுவர் ரெண்டடி கனம்..."

"இந்தச் சின்னக் கதவு எதுக்கு?" கண்ணாடி போட்ட ஓர் அம்மா கேட்டார்.

அது எழுதிக்கொடுத்ததில் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உள்ள படிக்கட்டு இருக்கு மேடம். வேலைக்காரங்க முதலாளி கண்ணுல படக்கூடாதுன்னு சுவருக்குள்ளயே ஒளிச்சு வச்சாங்க. படம் வரைஞ்சது அவரு. கல்லு சுமந்து கட்டினது தோட்டத்து ஜனங்க. அவங்க பேரு ஒண்ணுகூட இங்க இல்லை."

அந்த அம்மா முகம் மாறி, விறுவிறுவென்று வெளியே போனார்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க யாரு தெரியுமா? அந்த முதலாளியோட கொள்ளுப்பேத்தி! நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

கண் கலங்க அவள் பையை எடுத்தபோது, அந்த அம்மா காரிலிருந்து ஒரு பழைய புகைப்படத்துடன் திரும்பி வந்தார்.

"வீட்டைக் கட்டினவங்க இவங்கதாம்மா. பின்னாடி இருபத்துமூணு பேரோட பேரும் இருக்கு. இவங்களைப் பத்திப் பேசுற ஒருத்தர்கிட்டதான் கொடுக்கணும்னு மூணு தடவை வந்து திரும்பிப் போயிட்டேன். வாசல்ல மாட்டுவியா?"

மேலாளர் ஓடிவந்து நாற்காலி போட்டார். "நம்ம பொண்ணுதான் மேடம். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதல் பெயரை உரக்கப் படித்தாள்.