கல் கரைய ஒரு வழி

“இந்த வெயில்ல நாள் முழுக்க நிக்கிறீங்க, தண்ணி குடிக்கலைன்னா கிட்னியில கல்லு வராம என்ன செய்யும்? நிறையக் குடிங்க. சிறுநீரை அடக்கவே அடக்காதீங்க!” ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே டாக்டர் திட்டினார்.

வலியில் இடுப்பைப் பிடித்தபடி அந்த ஆள் முனகினார். “குடிச்சா போகணுமே சார். இடத்தை விட்டு நகர்ந்தா மெமோ குடுத்துடுறாங்க.”

“மனுஷனா அவன்? யாரு உங்க முதலாளி? போன் போட்டு நானே நாலு வார்த்தை கேக்கிறேன்.”

“வேணாம் சார், வேலை போயிடும்.”

“நான் பாத்துக்கிறேன், சொல்லுங்க!”

“நீங்கதான் சார். இந்த ஆஸ்பத்திரி கேட்ல தினமும் உங்க காருக்கு சல்யூட் அடிக்கிற செக்யூரிட்டி நான். யூனிஃபார்ம் போடாததால அடையாளம் தெரியலை போல.”

டாக்டர் மறுபடி ஸ்கேனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணும் பெரிய கல்லு இல்லைப்பா. தண்ணியை டியூட்டி முடிஞ்சு குடிச்சுக்கோ.”