ஏழும் அஞ்சும் பதினொண்ணு

மணி அடித்து முடிந்த பிறகும் மாணவி வகுப்புக்குள் வரவில்லை. "டீச்சர் கூப்பிடறது காதுல விழலையா? அங்க வாசல்ல என்ன வேலை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"செருப்பு துடைக்கிறேன் டீச்சர்!" தன் சின்னச் செருப்பை முடித்துவிட்டு, அடுத்த ஜோடியைக் கையில் எடுத்திருந்தாள் சிட்டு. அதில் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு பூ வரைந்து பார்த்துவிட்டு, அதையும் துடைத்தாள்.

இரண்டு கையிலும் பையோடு படியேறி வந்த மருந்துக்கடை மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்பது அவர் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை. மணி என்பது எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். டீச்சர் தங்கைதான், மாணவி, அவள் பெற்ற ஆறு வயதுச் சிட்டு ஒருத்திதான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஹெட்மிஸ்ட்ரஸ் இருக்காங்களா, பியூன் மட்டும்தான் இருக்காரா?"

"வஅலைக்கும் ஸலாம். ரெண்டும் நான்தான், வா அண்ணே. வெங்காயம் வாங்கினியா?"

"வெங்காயம், உப்பு, நூல்கண்டு, எல்லாம் இருக்கு. உன் பள்ளிக்கூடத்துல எனக்கு மூட்டை தூக்கற வேலை நிரந்தரமாயிடுச்சு."

சிட்டுவின் வாப்பா மவுத்தானபோது ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. புருஷனை இழந்த தங்கை, இத்தா என்ற துக்க நாட்களில் வீட்டோடு இருக்க வேண்டிய காலம்; பிள்ளையைக் கொண்டுவிட ஆளில்லை, அதுவரை நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். இத்தா முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் மட்டும் முடியவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் சரி, கடைத்தெருவுக்குக் கூப்பிட்டாலும் சரி, "பிள்ளைக்குப் பாடம் இருக்கு" என்று ஒரே பதில்.

போன வாரம்தான் அண்ணனும் தங்கையும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். மாமா பரீட்சை வைப்பார். சிட்டு பாஸானால் வீட்டிலேயே படிக்கலாம், மாமா அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கக் கூடாது. ஃபெயிலானால் திங்கட்கிழமையே இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடம்.

"முதல்ல ஓது பாப்போம்" என்றார் மாமா.

சிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குர்ஆனிலிருந்து சின்ன சூரா ஒன்று, பெரிய சூரா ஒன்று, எங்கும் தடுக்காமல் தண்ணீர் மாதிரி ஓதினாள். மாமா தன்னை மறந்து "மாஷா அல்லாஹ்" என்றார். தங்கை அவரைப் பார்த்த பார்வையில், இனி வாய் திறப்பாயா என்ற கேள்வி இருந்தது.

"சரி, கணக்கு. ஏழும் அஞ்சும் எவ்வளவு?"

சிட்டு கூரையைப் பார்த்தாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். "பதினொண்ணு."

டீச்சரின் முகம் சுருங்கியது. "நல்லா யோசிச்சு சொல்லும்மா. நேத்து சரியா சொன்னியே."

"யோசிச்சுட்டேன். பதினொண்ணுதான்."

"எட்டும் நாலும்?" என்றார் மாமா.

"அதுவும் பதினொண்ணு."

"இருபதுல ஒன்பது போனா?"

"பன்னெண்டு."

பதினொன்று வர வேண்டிய ஒரே இடத்தில் பதினொன்று வராதது மாமாவுக்கு எங்கோ இடித்தது. ஆனால் அதற்குள் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் சொல்லிக் கொடுத்த லட்சணம் இதுதானா? அங்க போனா எல்லாரும் இவளைக் கேலி பண்ணுவாங்க அண்ணே."

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம். நாளைக்கே வேனுக்குச் சொல்லிடறேன். வாசலுக்கே வந்து ஏத்திக்குவான், நீ கவலைப்படாதே."

"வேன் வேணாம் மாமா" என்றாள் சிட்டு அவசரமாக. "எனக்கு வேன்ல வாந்தி வரும்."

"நீ எப்படி வேன்ல போனே?"

"இன்னும் போகலை. போனா வரும்."

யாரும் சிரிக்கவில்லை. தங்கை டம்ளரையும் கரண்டியையும் எடுத்து அலமாரிக்குள் வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவள் முதுகைப் பார்த்த மாமாவுக்கு ஒப்பந்தமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

வழியனுப்ப வாசல்வரை சிட்டு வந்தாள். மாமா அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஏழும் அஞ்சும் எவ்வளவுடி?"

சிட்டு திரும்பி உள்ளே பார்த்தாள். உம்மா அடுப்படியில் இருந்தாள். "பன்னெண்டு" என்றாள் மெதுவாக.

"எட்டும் நாலும்?"

"அதுவும் பன்னெண்டு. இருபதுல ஒன்பது போனாத்தான் பதினொண்ணு."

"அடி கள்ளி! அப்ப ஓதறதை மட்டும் ஏன் ஒழுங்கா ஓதினே?"

"அதை வேணும்னு தப்பா ஓதலாமா? அல்லாஹ் கேக்கறான்ல. கணக்கை உம்மா மட்டும்தானே கேக்குது."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பள்ளிக்கூடத்து மேல அவ்வளவு ஆசையா உனக்கு?"

"இல்ல மாமா. எனக்கு உம்மா பள்ளிக்கூடம்தான் பிடிக்கும்."

"பின்ன எதுக்குடி ஃபெயிலானே?"

துடைத்து வைத்திருந்த இரண்டு ஜோடிச் செருப்பில், உம்மாவின் பெரிய ஜோடியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள் சிட்டு.

"என்னைக் கொண்டுபோய் விடவாச்சும் உம்மா வெளிய வரும்ல?"