சிவப்பே காட்டாத திரை

அது கார்த்திகையா மார்கழியா என்று கம்சாயினிக்கு இப்போது நிச்சயமில்லை. வாவியின் நீர்மட்டத்தைக் காட்டும் மென்பொருளை எழுதும் களுவாஞ்சிக்குடி அலுவலகத்தில் அவள் தற்காலிக ஊழியர். மாடியறையில் இருந்த முகாமையாளர் உதயரூபனிடம் போய்ச் சொன்னாள்.

"சேர், ஜாவாவில பிழை ரெண்டு சாதி. எக்செப்ஷன் எண்டா பிடிச்சுச் சமாளிக்கலாம். எரர் எண்டா பாரதூரம், பிடிக்கப்படாது. இப்ப அளவுகள் குவிஞ்சு மெமரி முட்டி எரர் வருது. ப்ரோகிராம் நிண்டு போகட்டும். நிண்டாத்தான் ஆக்கள் எழும்பிப் போய் வாவியைப் பார்ப்பாங்க."

"நாளைக்கு நீர்ப்பாசனப் பணிப்பாளர் வாறார் புள்ள, எங்கட சாமானை எடுக்கிறதா மற்றக் கம்பனிட சாமானை எடுக்கிறதா எண்டு பார்க்க. திரையில சிவப்பு எழுத்து வரப்படாது. எல்லாத்தையும் பிடி."

"பிடிச்சிட்டு?"

"'நீர்மட்டம் வழமை' எண்டு பச்சையில போடு. உன்ட நிரந்தர நியமனக் கடிதம் இந்தா கிடக்கு. நான் இன்னும் கையெழுத்து வைக்கல்ல."

கம்சாயினி கணினிக்குத் திரும்பினாள். எந்தப் பிழை வந்தாலும் பிடித்துப் பச்சையைக் காட்டும் மூன்று வரி எழுதினாள்.

மறுநாள் வந்த பணிப்பாளர் திரையை உற்றுப் பார்த்தார். பச்சை எழுத்து அசையவில்லை.

"மற்றக் கம்பனிக்காரன்ட ரெண்டு தரம் நிண்டு போச்சு. என்ன சாமானோ தெரியா. உங்கட ஒரு பிழையும் காட்டல்ல, இதையே எடுப்பம்" என்றார்.

உதயரூபன் அங்கேயே கடிதத்தில் கையெழுத்திட்டார். பணிப்பாளர் இருவருக்கும் கைகொடுத்துவிட்டு, மாடி ஜன்னலால் இறங்கி, தான் வந்த தோணியில் ஏறினார்.

மற்றக் கம்பனி மூடப்பட்டது. உதயரூபன் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். கம்சாயினி நிரந்தரமானாள். வவுணதீவு வயல் வட்டைகளில் அந்தப் போகம் யாரும் அறுவடை செய்யவில்லை.