வால் முளைத்த எழுத்துகள்

"இந்த எழுத்து ஏன் புள்ள தலகீழா நிக்குது? ஒங்கட மெஷினுக்குத் தல சுத்துதா?"

பின்னால் நின்று ஜஹானா கேட்டபோது ஷெரோனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதில் சொல்வது அவளுக்கு எப்போதுமே கஷ்டம்.

கலஹா சந்தியில் ஜஹானாவின் போட்டோ கொப்பிக் கடை. அங்கே டைப் செய்யும் வேலைக்குத் தெல்தோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள் ஷெரோன். படித்த காலத்தில், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அவளுக்குக் குரல் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்கு முந்திய வருடம் ஒருநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு போகவே இல்லை. இப்போது இருபத்தொரு வயது.

தலைகீழ் எழுத்தைக் கொண்டுவந்தவன் பிரணவன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற யாழ்ப்பாணத்து இளைஞன். தோட்டத்து மக்களின் பேச்சைப் பதிவு செய்து, ஒலிக்கு ஒரு குறியாக இருநூறு பக்கம் கையால் எழுதியிருந்தான்.

"ஆர் எப்பிடிப் பேசினாலும் அப்பிடியே தாளில விழும், தங்கச்சி. வாசிச்சால் அந்த ஆளின்ர குரலே கேக்கும்," என்றான். "இந்தாங்கோ அட்டவணை. குறி, பக்கத்தில தமிழ் எழுத்து, எந்தக் கீயை அமத்த வேணும் எண்டதும் போட்டிருக்கிறன்."

"தாங்க, லெமினேட் பண்ணித் தாறன். மழக்காலம், ஊறிப் போகும்," என்று ஜஹானா அதை வாங்கிக்கொண்டாள். ஷெரோன் அதைக் கம்ப்யூட்டர் திரைக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

மூன்றாம் வாரம் அட்டவணையைப் பார்க்காமலே அவள் விரல்கள் ஓடின. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அவள் ஒரு கொப்பியில் எழுதுவாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அதைத் துணிப்பைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். இனி எதற்கு ஒளிப்பு? இந்தக் குறிகளில் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது! கொப்பி மேசையில் திறந்தே கிடக்கத் தொடங்கியது.

"கொப்பி நெறய மீன்குஞ்சு வளக்கிறீங்களா?" என்றாள் ஜஹானா.

"பழகுறேன் ராத்தா." ஜஹானாவை அக்கா முறையில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பழகுங்க, பழகுங்க. ஒண்டுக்கு வால், ஒண்டுக்குக் கொம்பு. எனக்கெண்டா ஒண்டுமே வெளங்கல்ல."

அன்று ஷெரோன் எழுதியிருந்தது இதுதான்: 'ராத்தா பாட ஆரம்பித்தால், கலஹா ஏற்றத்தில் முதல் கியரில் பஸ் முனகுகிற மாதிரி இருக்கிறது.'

எப்போதும் பாடிக்கொண்டே வேலை செய்கிற ஜஹானா மறுநாள் பாடவில்லை. தொண்டை கட்டிவிட்டதாம்.

அடுத்த மாதம் ஓ.எல். விண்ணப்பக் காலம் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்கள் கடைக்கு வந்து, இணையத்தில் விண்ணப்பம் நிரப்பச் சொல்வார்கள். ஷெரோன் நிரப்பி, அச்செடுத்து, "இந்த எடத்துல ஒப்பம் வைங்க" என்று மெல்லிய குரலில் காட்டுவாள். இரண்டு பிள்ளைக்காரி ஒருத்திகூட வெட்கப்படாமல் வந்து ஒப்பம் வைத்துவிட்டுப் போனாள்.

விண்ணப்பிக்கும் கடைசி நாள் காலையில் ஷெரோன் கொப்பியில் எழுதினாள்: 'நாற்பது பேருக்கு நிரப்பிவிட்டேன். நாற்பத்தோராவது ஆளுக்கு ஷெரோன் என்று டைப் பண்ண மட்டும் விரல் வரவில்லை. இன்று நாலு மணியோடு இந்த வருடமும் முடிந்தது.'

அன்று மதியம் பிரணவன் கடைசி அத்தியாயத்தை வாங்க வந்தான். ஷெரோன் அச்செடுக்கப் போய்த் திரும்பியபோது அவன் மேசையருகே குனிந்து நின்றான். கண்கள் கொப்பியில். உதடுகள் மெல்ல அசைந்தன.

ஊரில் எல்லோரையும் நினைத்தவள், இந்தக் குறிகளைக் கொண்டுவந்த ஆளை மறந்துவிட்டாளே!

"வாசிச்சீங்களா சேர்?" கொப்பியைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சீச்சீ, நான் ஒண்டும் வாசிக்கேல்ல," என்றான் அவன், சிரிப்பை அடக்கியபடி. தாள்களை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "நாலு மணி வரைக்கும் நேரம் கிடக்குத்தானே, தங்கச்சி? வாறன்."

ஷெரோனுக்கு அழுகை முட்டியது. பின்பக்கக் குழாயில் முகத்தைக் கழுவி, அங்கேயே நின்று பாணும் சம்பலும் தின்று முடித்தாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய கீபோட்டின் மேல் ஒரு தாள் கிடந்தது. ஓ.எல். விண்ணப்பம். அவளுடைய முழுப்பெயர், தெல்தோட்டை முகவரி, அடையாள அட்டை இலக்கம், எல்லாம் நிரப்பி அச்செடுத்திருந்தது. ஒப்பம் வைக்கும் இடம் மட்டும் வெறுமை. ஓரத்தில் பென்சிலால் குறிகளில் இரண்டு வரி.

பிரணவன் சேர் திரும்பி வந்திருக்கிறார்! முகம் சுட்டது. ஆனால் அடையாள அட்டை இலக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? அதுவும் எழுத்து இவ்வளவு கோணலாக, ஒவ்வொன்றும் மூன்று தரம் அழித்து எழுதியிருக்கிறதே.

விரலை வைத்து, ஒவ்வொரு ஒலியாக முணுமுணுத்தாள்.

'நாப்பத்தியொராவது ஆளே, ஏத்தத்துல பஸ் நிண்டீக்கி. நெடுக நிக்க ஏலா. சுருக்கா ஒப்பம் வெய்ங்க.'

தாளிலிருந்து எழுந்தது யாழ்ப்பாணத்துக் குரல் அல்ல.

ஷெரோன் சட்டென்று நிமிர்ந்தாள். சுவரில் அட்டவணை, லெமினேட் பளபளக்க, ஜஹானாவின் கதிரைக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தது. ஜஹானா எழுந்து வந்து, ஒரு பேனையை விண்ணப்பத்தின் மேல் வைத்தாள்; குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.