கோல்கீப்பரின் வாய்

"டேய் எருமை! பின்னாடி பாருடா, பின்னாடி!"

மைதானம் முழுக்கக் கேட்டது. அந்த எருமையின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் ரெண்டு பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவளுக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது.

கத்தியவர் கோல்கீப்பர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் இடி. பதினாறு வருஷமாக அதே கிளப், அதே கோல். ரெண்டு விரல் கோணல், ஒரு முட்டி அவுட். வாய் மட்டும் இன்னும் புத்தம் புதுசு.

அவருக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன்தான் அவள் கணவன், நெட்டை. திட்டெல்லாம் அவனுக்குத்தான். பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் இவன் ஒருத்தன்தானா இளிச்சவாயன்?

கார்னர் கிக். இடி ஓடி வந்து நெட்டையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வலப்பக்கம் தள்ளினார். "இங்க நில்லுடா, தடிமாடு!"

பந்து சரியாக அங்கேதான் வந்தது. நெட்டை தலையால் முட்டி வெளியே அனுப்பினான். அதையெல்லாம் அவள் எங்கே பார்த்தாள்? சட்டை கசங்கியதைத்தான் பார்த்தாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். மரியாதை இல்லாத பேச்சு என்றாலே ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "அந்த ஆளு உங்கள வாய்க்கு வந்தபடி பேசறான். உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

நெட்டை டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். அதன் சத்தம் தெருமுனை வரைக்கும் போகும்.

"ஏங்க, உங்களத்தான்! காது என்ன செவிடா?"

திரும்பினான். "என்ன கேட்ட?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட வாங்க."

பொண்டாட்டி பேச்சைக் காதில் வாங்குகிற புருஷன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் இடியை விடவில்லை. மறுநாள் கணவனிடம் மூச்சு விடாமல் நேரே மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள்.

"சார், என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. அதுக்காக இத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்தலாமா? என் கிளாஸ் பசங்களே எனக்கு எருமை டீச்சர்னு பேர் வெச்சிட்டாங்க!"

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடியைக் கூப்பிட்டனுப்பினார். பயிற்சி முடிந்து கையுறையைக் கழற்றியபடி வந்தார் இடி.

"இவங்க நெட்டையோட சம்சாரம். இவங்க சொல்றது நிஜமா?"

"நிஜந்தான் சார்."

"ஏன்யா அவனை மட்டும் போட்டு இப்படி?"

இடி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "என் வாய் அப்படி சார். மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

"மன்னிப்பெல்லாம் பத்தாது. நிர்வாகமே உன் வாயைப் பத்திக் கேக்குது. சனிக்கிழமை வாயத் திறக்காம ஆடு. ஆடினா இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம், அப்புறம் இங்கயே கோச் வேலை. திறந்தியோ, அதோட மூட்டை கட்டிக்கலாம்."

முப்பத்தெட்டு வயசு கோல்கீப்பரை வேறெந்த கிளப்பும் சீந்தாது. இடி தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை முதல் பாதி முழுக்க மௌன விரதம். "இடிக்குத் தொண்டை கட்டிக்கிச்சுடா!" என்று கூட்டம் கேலி பண்ணியது. நெட்டைக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் புகுந்து போய் கோல் போட்டான். நெட்டை திரும்பக்கூட இல்லை. இடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் பாதியில் அதே ஆள், அதே பக்கம். இடி மேனேஜர் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார்.

"டேய் எருமை! இடப்பக்கம்டா!"

நெட்டை சட்டென்று திரும்பிக் காலை நீட்டினான். பந்து வெளியே போனது. அப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் இடி வாயை மூடவே இல்லை.

அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், அடுத்த வருஷம் இடி இல்லை என்று. மேனேஜரே அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னார். அவளுக்கு ஏக குஷி.

"ஏங்க, ஒரு நல்ல சேதி!"

நெட்டை டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காது என்ன செவிடா?" டி.வி.யை அணைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள். "இடியைத் தூக்கிட்டாங்க. நான்தான் புகார் குடுத்தேன். இனிமே உங்கள எவனும் எருமைன்னு கூப்பிட மாட்டான்."

நெட்டை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"அடிப்பாவி... என்ன காரியம் பண்ணிட்ட!"

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"நீ தினமும் கேக்கறியே, அது நிஜந்தான். எனக்கு இடது காது சுத்தமாப் போயிருச்சு. வலதுலயும் பாதிதான். கிளப்புக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க. அந்த பயத்துல உங்கிட்டகூடச் சொல்லல. அவர் பின்னாடி நிக்கறவராச்சே, தானாவே கண்டுபிடிச்சிட்டார். தொண்டை கிழியக் கத்தி, அதுவும் கேக்கலன்னா சட்டையப் பிடிச்சு இழுத்து, ரெண்டு வருஷமா என்னை ஆட வெச்சிட்டிருந்தாரு."

அவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கு... அவ்வளவு கேவலமாவா திட்டணும்?"

"சும்மா கூப்பிட்டா, இவனை மட்டும் ஏன் கூப்பிடறாருன்னு எல்லாரும் யோசிப்பாங்க. திட்டினா வாய்க்கொழுப்புன்னு விட்டுடுவாங்க, இல்ல?"

நெட்டை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எருமைன்னார், தடிமாடுன்னார், மரமண்டைன்னார். செவிடான்னு மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."