பத்து மணிக்கு வரவேண்டியவர்

"மர்டக், அந்தப் பேனாக்களை நேரா அடுக்கு! வர்றவங்க மனசு கஷ்டப்படக் கூடாது."

"பேனா கோணலா இருந்தா மனசு கஷ்டப்படுமா, கொரீன்?"

"ஓசிடி உள்ளவங்கப்பா! ஒரு தூசு தும்பு தாங்காது."

ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாம் மாடி. ஒரே எண்ணம் விடாமல் துரத்தும் ஓசிடி என்ற மனநோயைப் பற்றி ஜனங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்க, கொரீன் டூசெட் உதவியாளன் மர்டக்கோடு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தாள். நோயாளி ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று மேலிடம் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. இன்று கடைசி நாள். நோயாளிகள் சங்கம் பத்து மணிக்கு ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தது.

போதாக்குறைக்குக் காலையிலேயே பிரிண்டர் படுத்துவிட்டது. ரிப்பேருக்கும் ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. சேறு அப்பிய பூட்ஸ், பொத்தான் மாற்றிப் போட்ட கோட்டு, மீசையில் டோனட் சர்க்கரை.

"மன்னிச்சுக்குங்க, நேரமாயிடுச்சு" என்றார் வந்தவர்.

"நல்லா வந்தீங்க! பிரிண்டர் அந்த மூலையில. கேள்வித்தாள் பூரா அதுக்குள்ளதான் சிக்கிக் கிடக்கு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக உருவினார். அங்கேயே உட்கார்ந்து, பென்சிலை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே சிரிப்பு வேறு.

"ரிப்பேருக்கு வந்த ஆளு கதை படிக்கிறாரு பாரு" என்று முணுமுணுத்தான் மர்டக்.

கொரீன் பதில் சொல்வதற்குள் ஒரு பெண்மணி வந்து நின்றாள். மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு கையிலும் ரப்பர் கையுறை. பையிலிருந்து துணி எடுத்து மேசையைத் துடைத்த பிறகே பையை அதில் வைத்தாள்.

கொரீன் மர்டக்கின் காலை மிதித்தாள்.

"வாங்க மேடம், வாங்க! பயப்படாதீங்க, நான் கை குலுக்க மாட்டேன். ஜன்னல் திரை சமமா இருக்கா?"

"இருக்குங்க. ஏன்?"

"அந்த ஆளை வெளியே அனுப்பிடவா? அழுக்கா இருக்காரு."

"ஐயோ பாவம், அவரு பாட்டுக்கு இருக்கட்டும்."

என்ன ஒரு மனோதைரியம்! கொரீனுக்குக் கண் கலங்கியது.

"இந்த வியாதியோட எத்தனை வருஷமா போராடுறீங்க, மேடம்?"

"வியாதியா? எனக்குச் சளிகூடப் பிடிச்சதில்ல. நான் உங்க பிரிண்டரைப் பார்க்க வந்தவம்மா!"

மர்டக்கின் கையிலிருந்த பேனாக்கள் தரையில் உருண்டன. மூலையிலிருந்தவர் தாள்களோடு எழுந்து வந்தார்.

"பாதிக்கு மேல திருத்திட்டேங்க, என்னை அனுப்பின சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிடுங்க. லேட்டுக்கு மறுபடியும் மன்னிக்கணும். வர்ற வழியில காரு ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுச்சு. யாரையாவது இடிச்சிட்டேனோன்னு நாலு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன்... இப்பவும் போய் ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடவா?"